முதல் காய்ச்சல் மறப்பதில்லை

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் கடலூர் முதுநகரில் படகுகள் உப்பனாற்று ஓரம் கட்டிக் கிடக்கும். வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் போர்வைக்குள் சுருண்டிருப்பார். மழையில் நனைந்ததால் வந்தது என்று வீட்டார் சொல்வார்கள். டெங்குவா, எலிக்காய்ச்சலா, சாதாரணச் சளியா என்று மருத்துவர் யோசிப்பார். அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டிய, ஆனால் பெரும்பாலும் பெயர் சொல்லாமலே வந்துபோகிற ஒரு நோய் உண்டு. அதுதான் இன்ஃப்ளூயன்ஸா, சுருக்கமாக ஃப்ளூ.

இந்தியாவின் பத்து நகரங்களில் ஃப்ளூ எந்த மாதத்தில் உச்சம் தொடுகிறது என்று கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. தில்லி, புனே, கொல்கத்தா போன்ற ஊர்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ ஏறுகிறது. ஸ்ரீநகரில் ஐரோப்பாவைப் போலக் குளிர்காலத்தில், ஜனவரி முதல் மார்ச் வரை. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர். சென்னையை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் கடலூரையும் சிதம்பரத்தையும் நனைக்கிறது. மழை முடிந்து மார்கழி பிறக்கும்போது, தில்லை நடராசர் தேரோட்டத்துக்குத் தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டத்தில் இருமல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எளிதாகத் தாவிவிடும்.

இந்த நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய் ஆகும். ஆண்டுதோறும் போட வேண்டும். அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. 2017–18இல் நடந்த முதியோர் நலன் குறித்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 45 வயதைக் கடந்த இந்தியர்களில் ஃப்ளூ ஊசி போட்டிருந்தவர்கள் ஏறத்தாழ 1.5 சதவீதம்தான். விலை ஒரு காரணம். இன்னொரு காரணம், ஊசி போட வசதி இருந்தும் தயங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி: “வருஷா வருஷம் போட்டுக்கிட்டே இருந்தா, உடம்புல இயற்கையா வர்ற எதிர்ப்பு சக்தி போயிடாதா?”

மருந்துக்கடை வாசலிலும் மருத்துவமனை பெஞ்சிலும் எழும் இந்தக் கேள்வியைப் படிக்காதவர் பேச்சு என்று தள்ளுவது தவறு. நோயெதிர்ப்பியலில் ஆழ்ந்த அறிஞர்களே அரை நூற்றாண்டாக இதை வைத்து வாதிடுகிறார்கள். அவர்கள் கண்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். ஆனால் ஒற்றை வரியில் கிடைக்காது. யாருக்கு, எந்த வயதில் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது.

தொண்ணூறு ஆண்டு நினைவு

இயற்கையாக வரும் எதிர்ப்பாற்றல் எவ்வளவு காலம் நிற்கும்? வரலாறே இதற்குப் பரிசோதனை நடத்திக் காட்டியிருக்கிறது.

1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்த ஃப்ளூ, ரயில் பாதைகளைப் பிடித்துக்கொண்டு நாடு முழுவதும் பரவியது. அந்த ஆண்டின் இரண்டாம் பாதியில் 1.2 கோடி முதல் 1.8 கோடி வரை இந்தியர்கள் இறந்ததாகப் பிற்கால மக்கள்தொகை ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். உலகில் வேறெந்த நாடும் அந்த நோய்க்கு இவ்வளவு உயிர்களைக் கொடுக்கவில்லை. பிழைத்தவர்களின் உடம்பில் என்ன மிஞ்சியது என்பது தெரிய 90 ஆண்டு ஆயிற்று. 1915க்குள் அமெரிக்காவில் பிறந்து, 1918ஐத் தாண்டி வந்த 32 முதியவர்களின் இரத்தத்தை ஆராய்ந்த ஆய்வு 2008இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. சோதனையின்போது அவர்களுக்கு வயது 91 முதல் 101 வரை. அத்தனை பேர் இரத்தத்திலும் 1918 வைரஸை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. சிலரிடம் அந்த எதிர்ப்பொருளைச் சுரக்கும் நினைவு செல்களே உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தன.

அடுத்த சாட்சியம் நம் மண்ணில் தொடங்குகிறது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒன்றில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். ஆசிய ஃப்ளூ என்று பின்னர் பெயர் பெற்ற எச்2என்2 வைரஸ் இந்தியாவுக்குள் வந்த வழி அது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃப்ளூயன்ஸா மையம் நோயைப் பின்தொடர்ந்தது. மையத்தின் ஐ. ஜி. கே. மேனன் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதிய விரிவான அறிக்கைப்படி, 1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை இந்தியாவில் பதிவான நோயாளிகள் 44,51,785 பேர். இறந்தவர்கள் 1,098 பேர். பதிவாகாதவை எத்தனையோ.

அந்த 1957இல் புதிய எச்2என்2 வந்ததும், 1918 முதல் மனிதரிடையே சுற்றிவந்த எச்1என்1 குடும்பம் காணாமல் போனது. 20 ஆண்டு கழித்து, 1977இல், சீனாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் எச்1என்1 மறுபடி தலைகாட்டியது. 1950 வாக்கில் சுற்றிய வைரஸின் அச்சு அசலான மறுபிறப்பு அது. உலகெங்கும் பள்ளி மாணவர்களும் இளம் படைவீரர்களும் படுத்தார்கள். 25 வயதைத் தாண்டியவர்களை அது பெரும்பாலும் தொடவில்லை. சிறு வயதில் வந்துபோன காய்ச்சலை அவர்கள் உடம்பு 20 ஆண்டுக்கு மேல் நினைவில் வைத்திருந்தது.

2009இலும் இதே கதை. பன்றிக் காய்ச்சல் என்று நாம் அழைத்த புதிய எச்1என்1 பரவியபோது, வழக்கத்துக்கு மாறாக முதியவர்கள் அதிகம் தப்பினார்கள். இளைஞர்களும் கர்ப்பிணிகளும் மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்காவில் சேமித்து வைத்திருந்த பழைய இரத்த மாதிரிகளைச் சோதித்ததில், 1950க்கு முன் பிறந்தவர்களில் மூன்றில் ஒருவரிடம் அந்தப் புதிய வைரஸைத் தடுக்கும் எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருந்தது.

ஆக, இயற்கை எதிர்ப்பாற்றல் நீண்டது என்று நம்புகிறவர்கள் தவறாக நம்பவில்லை. அப்படியானால் ஏன் மறுபடி மறுபடி ஃப்ளூ வருகிறது? உடம்பு மறப்பதால் வருவதில்லை. வைரஸ் முகம் மாற்றிக்கொண்டு வருகிறது. தென் சீனாவில் எடுத்த இரத்த மாதிரிகளைக் கொண்டு 2015இல் வெளிவந்த கணக்கீட்டின்படி, சிறுவர்களுக்குச் சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளூ தொற்றுகிறது. 30 வயதைக் கடந்தவர்களுக்குப் பத்தாண்டில் இரண்டு முறை. நினைவு இருந்தும் தொற்று வருகிறது. நினைவு இருப்பதால் பெரியவர்களுக்குக் குறைவாக வருகிறது.

ஒரே வீட்டில் மூன்று நினைவுகள்

1960இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிரான்சிஸ் ஒரு விசித்திரத்தை எழுதினார். மனிதர் வாழ்நாளில் முதன்முதலாக எந்த ஃப்ளூ வைரஸைச் சந்திக்கிறாரோ, அதற்கு எதிரான எதிர்ப்பொருள்தான் பின்னாளிலும் மேலோங்கி நிற்கிறது. பிறகு வேறு வகை வைரஸ் வந்தாலும் உடம்பு முதலில் பழைய ஆயுதத்தையே எடுக்கிறது. இப்போது இதை ‘முதல் பதிவு’ என்ற பொருளில் ஆய்வாளர்கள் பேசுகிறார்கள்.

முதுநகரில் ஒரு கூட்டுக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1950இல் பிறந்த பாட்டி குழந்தையாக இருந்தபோது சந்தித்திருக்கக்கூடிய ஏ வகை ஃப்ளூ எச்1என்1 மட்டுமே. 1960இல் பிறந்த அவர் தம்பிக்கு எச்2என்2. 1972இல் பிறந்த மகனுக்கு, 1968இல் ஹாங்காங் வழியாக வந்த எச்3என்2. மூவரும் ஒரே சமையலறையில் சாப்பிட்டாலும் ஃப்ளூவைப் பொறுத்தவரை மூவர் உடம்பும் மூன்று விதம்.

இது வெறும் கற்பனைப் பாகுபாடு இல்லை. கேட்லின் கோஸ்டிக், மைக்கேல் வொரோபி, ஜேம்ஸ் லாயிட்-ஸ்மித் குழுவினர் 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் இதற்குக் கணக்குக் காட்டினார்கள். எச்5என்1 பறவைக் காய்ச்சல் 1968க்குப் பின் பிறந்தவர்களைத்தான் கடுமையாகத் தாக்கியது. எச்7என்9 பறவைக் காய்ச்சல் 1968க்கு முன் பிறந்தவர்களை. எச்5, எச்1, எச்2 மூன்றும் வைரஸ் குடும்ப மரத்தில் ஒரு கிளை. எச்7, எச்3 இன்னொரு கிளை. முதல் காய்ச்சல் எந்தக் கிளையோ, அந்தக் கிளையிலிருந்து வரும் புதிய வைரஸுக்கு வாழ்நாள் முழுவதும் ஓரளவு காப்பு கிடைக்கிறது. கடும் நோயிலிருந்து அந்தக் காப்பு 75 சதவீதம் என்பது அவர்கள் மதிப்பீடு.

ஊசியைப் பற்றிய கவலை இந்த இடத்தில்தான் உண்மையான வடிவம் பெறுகிறது. முதல் சந்திப்பு நிஜ வைரஸோடு நடக்காமல் ஊசியோடு நடந்தால் என்ன ஆகும்?

ஊசி எதைப் பதிக்கிறது?

ஃப்ளூ ஊசி வேலை செய்ததா என்று பார்க்க ஆய்வகங்களில் செய்யும் சோதனை எளிமையானது. 1941இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் வகுத்த முறை. 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. முதல் குழியில் பத்து மடங்கு நீர்த்த சீரம். அடுத்ததில் இருபது மடங்கு, பிறகு நாற்பது, எண்பது என்று ஒவ்வொரு குழிக்கும் இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போவார்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு வைரஸ். கடைசியாகக் கோழி அல்லது வான்கோழியின் சிவப்பணுக்கள் ஒரு சொட்டு. ஃப்ளூ வைரஸ் தன் மேல் முளைத்திருக்கும் புரதத்தால் சிவப்பணுக்களைப் பிடித்து ஒன்றோடொன்று கோத்துவிடும். கோத்த அணுக்கள் அடியில் படியாமல் குழி முழுக்க மெல்லிய ரோஜா நிறப் படலமாக விரியும். சீரத்தில் போதிய எதிர்ப்பொருள் இருந்தால் வைரஸின் பிடி மூடிக்கொள்ளும். சிவப்பணுக்கள் தம் பாட்டுக்கு அடியில் இறங்கிச் சின்னஞ்சிறு சிவப்புப் பொத்தானாகக் குவியும். எந்தக் குழிவரை பொத்தான் தெரிகிறதோ, அதுவே ஒருவரின் எதிர்ப்பொருள் அளவு. நாற்பது மடங்கு நீர்த்தும் பொத்தான் தெரிந்தால், தொற்றும் வாய்ப்பு பாதியாகக் குறைகிறது என்பது பழைய கணக்கு.

இந்தத் தட்டு மிகப் பயனுள்ளது. ஆனால் வைரஸின் தலைப்பகுதியை மூடும் எதிர்ப்பொருளை மட்டுமே அதற்குக் காணத் தெரியும். அந்தத் தலைப்பகுதிதான் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. இயற்கையாக ஃப்ளூ வந்து குணமானவர் உடம்பில் இதற்கு மேலும் பல நடந்திருக்கும். மூக்குச் சவ்விலேயே காவல் நிற்கும் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கும். வைரஸின் அதிகம் மாறாத உள்புரதங்களை அடையாளம் வைத்து, தொற்றிய செல்களைத் தேடிக் கொல்லும் டி செல்கள் பெருகியிருக்கும். அந்த டி செல்கள் தொற்றைத் தடுக்காது. அடுத்த முறை வேறு முகத்தோடு வரும் ஃப்ளூவின் கடுமையைக் குறைக்கும்.

கைச்சதையில் போடும் ஊசியில் இருப்பது கொல்லப்பட்டு உடைக்கப்பட்ட வைரஸ். அது எந்தச் செல்லுக்குள்ளும் புகுந்து பெருகுவதில்லை. ஆகவே தலைப்பகுதிக்கான எதிர்ப்பொருளை நன்றாக எழுப்பும். கொல்லும் டி செல்களையும் மூக்குக் காவலையும் மிகக் குறைவாகவே எழுப்பும். மூக்கில் தெளிக்கும் உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட தடுப்பு மருந்து இயற்கைத் தொற்றுக்குக் கொஞ்சம் நெருங்கி வரும். புனே சீரம் இன்ஸ்டிட்யூட் 2010 ஜூலையில் வெளியிட்ட ‘நாசோவாக்’ அந்த வகை.

இவ்வளவு தெரிந்த பிறகு மருந்துக்கடை வாசல் கேள்வியை இரண்டாகப் பிரிக்கலாம். ஊசி, ஏற்கெனவே இருக்கும் இயற்கை எதிர்ப்பாற்றலை அழிக்குமா? அழிக்காது. ஊசி போட்டதால் பழைய நினைவு செல்கள் சாவதில்லை. பெரியவர்களுக்கு ஊசி எழுப்புவதே பெரும்பாலும் அந்தப் பழைய நினைவைத்தான். இனி வரவேண்டிய இயற்கை எதிர்ப்பாற்றலை ஊசி தள்ளிப்போடுமா? தள்ளிப்போடலாம். இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் ஆய்வுகள் முன்னும் பின்னுமாகப் பதில் சொல்கின்றன.

பள்ளி விடுதி, ரோட்டர்டாம், கனடா

இங்கிலாந்தின் சசெக்ஸில் ‘கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல்’ என்று ஒரு பழைய உறைவிடப் பள்ளி. பெயரில் மருத்துவமனை இருந்தாலும் பள்ளிதான். அதன் மருத்துவர் டி. டபிள்யூ. ஹாஸ்கின்ஸ் 1970களில் மாணவர்களுக்கு ஃப்ளூ ஊசி போட்டு, யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவந்தார். 1972, 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் விடுதியில் எச்3என்2 பரவியது. முதல்முறை ஊசி போட்டவர்களுக்கு அந்தப் பருவத்தில் காப்பு கிடைத்தது. ஆனால் மூன்று பரவல்களையும் கூட்டிப் பார்த்தபோது, ஆண்டுதோறும் போட்டவர்களும் போடாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் காய்ச்சல் கண்டிருந்தார்கள். இயற்கையாக ஒருமுறை வந்தவர்கள் அடுத்த பரவலில் நன்றாகத் தப்பினார்கள். 1979இல் ‘லான்செட்’ இதழில் அவர் இதை எழுதியபோது பெரும் சலசலப்பு எழுந்தது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1983 முதல் ஐந்தாண்டு நடந்த சோதனையில் அப்படி எந்தச் சரிவும் தென்படவில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? 1999இல் டெரெக் ஸ்மித்தும் ஸ்டெஃபனி ஃபாரஸ்டும் சகாக்களும் ஒரு விளக்கம் தந்தார்கள். முதுநகர் மீன் ஏலத்தில் வாடிக்கை வியாபாரிகள் முன்வரிசையில் நின்று, கூடை இறங்கியதும் எடுத்துக்கொண்டால், புதிதாக வந்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. சென்ற ஆண்டு ஊசியில் பழகிய எதிர்ப்பொருள்களும் நினைவு செல்களும் அப்படித்தான். இந்த ஆண்டு ஊசி சென்ற ஆண்டு ஊசியைப் போலவே இருந்தால், அதை அவையே வளைத்துக்கொள்ளும். புதிய செல்கள் பழகச் சந்தர்ப்பம் வராது. அந்த ஆண்டு பரவும் வைரஸும் பழைய ஊசியைப் போலவே இருந்தால் கேடில்லை. வைரஸ் மட்டும் விலகிப் போயிருந்தால் காப்பு குறையும். சென்ற ஆண்டு ஊசி, இந்த ஆண்டு ஊசி, பரவும் வைரஸ் ஆகிய மூன்றுக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆண்டுக்கு ஆண்டு முடிவை மாற்றுகிறது.

2023இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இந்த ஆண்டு மட்டும் போட்டவர்களோடு ஒப்பிட்டால், சென்ற ஆண்டும் போட்டு இந்த ஆண்டும் போட்டவர்களுக்குக் காப்பு எச்1என்1க்கு 9, எச்3என்2க்கு 18, ஃப்ளூவின் பி வகைக்கு 7 சதவீதப் புள்ளிகள் குறைவு. ஆனால் இரண்டு ஆண்டும் போடாதவர்களைவிட, இரண்டு ஆண்டும் போட்டவர்களே தெளிவாக மேல். தொடர்ந்து போடுவதற்கு ஒரு சிறு விலை உண்டு. போடாமல் இருப்பதற்கு அதைவிடப் பெரிய விலை உண்டு.

கனடாவில் 2009இல் கண்டது இன்னும் சங்கடமானது. 2008–09 பருவத்தில் வழக்கமான ஃப்ளூ ஊசி போட்டவர்கள், அடுத்து வந்த பன்றிக் காய்ச்சலோடு மருத்துவரிடம் போகும் வாய்ப்பு 1.4 முதல் 2.5 மடங்குவரை கூடியிருந்தது என்று டனுட்டா ஸ்கவ்ரோன்ஸ்கி குழு கூறியது. மற்ற நாடுகள் பலவற்றில் இது தென்படவில்லை. ஊசி உடம்பைப் பலவீனப்படுத்தியது என்பதற்கு மாறாக வேறொரு விளக்கமும் முன்வைக்கப்பட்டது. போடாதவர்களில் பலருக்கு அந்தப் பருவத்தில் வழக்கமான ஃப்ளூ வந்து, அதன் டி செல்கள் புதிய வைரஸுக்கும் சில மாதம் குறுக்கே நின்றிருக்கலாம். போட்டவர்களுக்கு அந்தக் காய்ச்சலும் வரவில்லை, அது தரும் குறுக்குக் காப்பும் கிட்டவில்லை.

இந்த எண்ணத்துக்கு மிக நேரான சான்று நெதர்லாந்தின் ரோட்டர்டாமிலிருந்து வந்தது. ரோஜியர் போடெவெஸ், கஸ் ரிம்மெல்ஸ்வான் குழுவினர் 2011இல் இரண்டு குழந்தைக் கூட்டங்களை ஒப்பிட்டார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோய் உள்ளதால் ஆண்டுதோறும் ஊசி போட்டுவந்த குழந்தைகள் ஒருபுறம். ஊசி போடாத ஆரோக்கியமான குழந்தைகள் மறுபுறம். போடாதவர்களிடம் வயது ஏற ஏற ஃப்ளூவுக்கு எதிரான கொல்லும் டி செல்கள் கூடிக்கொண்டே போயின. போட்டவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. எண்ணிக்கையில் சிறிய ஆய்வுதான். ஆனாலும் குழந்தைகள் விஷயத்தில் கவலைக்கு அடிப்படை இருக்கிறது என்று அது காட்டியது.

இதைப் படித்ததும் ஊசியே வேண்டாம், காய்ச்சல் வந்தே பழகட்டும் என்று முடிவு கட்டுவது ஆபத்தானது. டி செல் நினைவைப் பெற ஒரு குழந்தை உண்மையான ஃப்ளூவை அனுபவிக்க வேண்டும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்து விளையாடுவார்கள். சிலர் நிமோனியாவோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவார்கள். யார் அந்தச் சிலர் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை ஆண்டுதோறும் போடச் சொல்வது அதனால்தான்.

பல்லப்கர் கிராமங்கள் சொன்னது

வெளிநாட்டு முடிவுகள் நம் ஊருக்கு அப்படியே பொருந்துமா? அங்கே ஃப்ளூ ஒரே குளிர்காலப் பருவம்; இங்கே மழையோடும் வரும், மழை விட்ட பின்னும் வரும். ஹரியானாவின் பல்லப்கரில் எய்ம்ஸ் நடத்திய சோதனை இதனால்தான் முக்கியம். 2009 முதல் 2012 வரை மூன்று ஆண்டு, ஆறு மாதம் முதல் பத்து வயது வரையிலான கிராமக் குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஃப்ளூ ஊசி, மறு பாதிக்குப் போலியோ ஊசி. முதல் ஆண்டு ஃப்ளூ ஊசியின் பயன் 25.6 சதவீதம் மட்டுமே. பன்றிக் காய்ச்சல் வைரஸ் பரவிய ஆண்டு அது. ஊசியிலோ பழைய வகைகள். இரண்டாம் ஆண்டு 41. மூன்றாம் ஆண்டு 59. ஆண்டுதோறும் தொடர்ந்ததால் காப்பு தேயவில்லை. ஊசியும் வைரஸும் பொருந்தி வந்தபோது கூடியது.

அந்தக் குழந்தைகளுக்கு இருபது வயதாகும்போது என்ன ஆகும் என்பதை மூன்றாண்டுச் சோதனை சொல்லாது. அதைச் சொல்ல, பிறந்தது முதல் ஒவ்வொரு காய்ச்சலையும் ஒவ்வொரு ஊசியையும் குறித்து, இரத்தத்தைச் சேமித்து, பத்தாண்டுக்கு மேல் பின்தொடர வேண்டும். அமெரிக்கா, மெக்சிகோ, நிகராகுவா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் குழந்தைகளை அப்படிப் பின்தொடரும் ஆய்வுகளுக்கு அமெரிக்க அரசு 2019இல் நிதி ஒதுக்கியது.

நடுவில் கொரோனா ஊரடங்கு வந்து, 2020இலும் 2021இலும் உலகெங்கும் ஃப்ளூ ஏறக்குறைய மறைந்தது. பி வகையின் யாமகாட்டா கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கும் தென்படவே இல்லை. 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதை ஊசியிலிருந்து எடுத்துவிடலாம் என்றது. அந்த இரண்டு ஆண்டில் பிறந்த குழந்தைகளுக்கு முதல் காய்ச்சல் தள்ளிப்போனது. வெளியே வந்த ஃப்ளூ விட்டதைப் பிடித்தது. 2023 தொடக்கத்தில் எச்3என்2 பரவியபோது, தமிழ்நாடு அரசு மார்ச் 10 அன்று ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்த வேண்டி வந்தது.

யாருக்கு என்ன விடை?

முதுநகரின் 70 வயதைக் கடந்த பாட்டிக்கு விடை தெளிவு. அவர் உடம்பு அறுபது எழுபது ஆண்டு ஃப்ளூவைப் பார்த்துவிட்டது. முதல் பதிவு எப்போதோ விழுந்துவிட்டது. எந்த ஊசியாலும் அதை அழிக்க முடியாது. ஆண்டுதோறும் போடும் ஊசி அவருக்கு அந்தப் பழைய நினைவைத் தட்டி எழுப்பி, இந்த ஆண்டு வைரஸின் பக்கம் கொஞ்சம் திருப்புகிறது. இயற்கை எதிர்ப்பாற்றல் குறையுமோ என்று அவர் பயப்படத் தேவையில்லை. ஃப்ளூவுக்குத்தான் பயப்பட வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் 2018இல் வெளிவந்த ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடுவதைக் காட்டியது. தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு. சர்க்கரையும் வயதும் சேர்ந்த உடம்புக்கு ‘இயற்கையாக வந்து போகட்டும்’ என்பது நல்ல ஆலோசனை இல்லை.

கர்ப்பிணிக்கும் தயக்கம் வேண்டாம். 2009 காட்டியபடி ஃப்ளூ கர்ப்ப காலத்தில் கடுமையாகிறது. தாய்க்குப் போடும் ஊசியின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் சென்று, ஊசி போட முடியாத முதல் ஆறு மாதத்தில் அதற்குத் துணை நிற்கிறது.

ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ள குழந்தைக்கும் கணக்கு ஊசியின் பக்கமே சாய்கிறது. எந்த நோயும் இல்லாத, பள்ளி போகும் குழந்தையிடம்தான் உண்மையான கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்தக் குழந்தைக்குக் கொல்லப்பட்ட வைரஸ் ஊசியை மட்டும் ஆண்டுதோறும் கொடுப்பதைவிட, டி செல்களையும் மூக்குக் காவலையும் எழுப்பும் தடுப்பு மருந்து கிடைத்தால் கவலையின் வேரே அற்றுப்போகும். வைரஸின் மாறாத பகுதிகளைக் குறிவைக்கும் பொதுத் தடுப்பூசிக்காக உலகம் முயல்வதும் அதற்காகத்தான். அது வரும்வரை, ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இன்றைய ஊசியே கையில் உள்ள நல்ல காப்பு.

போடுகிறவர்கள் காலம் பார்த்துப் போட வேண்டும். ஊசியின் காப்பு மாதத்துக்கு ஏறத்தாழ 7 சதவீதம் வீதம் கரைகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. எதிர்ப்பொருள் எழ இரண்டு வாரம் ஆகும். வட இந்தியாவுக்குப் பொருந்துகிற ஏப்ரல், மே மாதங்களில் கடலூரிலும் போட்டால், ஐப்பசி மழை வரும்போது பாதி பலம் போயிருக்கும். இங்கே பொருத்தமான காலம் ஆவணி, புரட்டாசி. பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் தேர்ந்தெடுக்கும் வைரஸ் வகைகளைக் கொண்ட ஊசி கடைக்கு வருவதும் அந்த நேரத்தில்தான்.

அண்ணாமலை நகரில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. அதன் வாசலுக்கு மீனவக் குப்பத்திலிருந்தும் நெல் வயல்களிலிருந்தும் நெய்வேலிச் சுரங்கக் குடியிருப்பிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஊசியே பார்த்திராத முதியவர்களும், இயற்கைத் தொற்றில் வளரும் குழந்தைகளும், புதிதாக ஊசி போடத் தொடங்கும் நடுத்தரக் குடும்பங்களும் ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். ரோட்டர்டாமில் சில டஜன் குழந்தைகளிடம் பார்த்ததை இங்கே ஆயிரக்கணக்கானவர்களிடம், நம் மழைக்காலத்தோடு சேர்த்துப் பார்க்க முடியும். சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் கிண்டி கிங் ஆய்வகமும் இருக்கின்றன. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வைரஸை வகை பிரித்துச் சொல்லும் திறமைக்கு இந்த மாநிலத்தில் பஞ்சமில்லை. குன்னூரில் உட்கார்ந்துகொண்டு 1957இல் நாடு முழுவதும் 44 லட்சம் நோயாளிகளை மேனன் எண்ணிப் பதிந்தார். இன்றைக்கு வேண்டியது, அதே பொறுமையோடு கடலூரில் பிறக்கும் ஒரு தலைமுறைக் குழந்தைகளைப் பதினைந்து ஆண்டு பின்தொடரும் ஆய்வும், அதுவரை காத்திராமல் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மழைக்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஊசியும்.